உப்புக்காத்து ஊர்ல பிராசசர் கூலர்: ஒத்தை டவரா ரெட்டை டவரா?

எங்க வீடு குளச்சல், மாடில நின்னா கடல் தெரியும். கம்ப்யூட்டர் கேபினெட் ஸ்க்ரூ ரெண்டு வருசத்துல துரு பிடிச்சு திரும்பாம நிக்குத ஊரு, கேட்டியளா. ஏசி ரூம்ல எடுத்த ரிவ்யூவ பாத்து, கம்ப்யூட்டரோட மூளையான பிராசசர் சூட்ட இறக்குற கூலர இங்க வாங்குனா கணக்கு உதைக்கும். ரூம் காத்தோட சூட்டுக்கு கீழ ஃபேன் வச்ச எந்த பிராசசர் கூலரும் கொண்டு போகாது, ரிவ்யூகாரன் 22 டிகிரி ரூம்ல பிராசசர் சூடு 70 காட்டுனா நம்ம 32 டிகிரி ரூம்ல அதே கூலர் 80 பக்கம் காட்டும், அவ்வளவுதான் விசயம்.

எனக்கு ரைசன் 5 5600, 65 வாட். மார்த்தாண்டத்துல கல்யாண வீடியோ எடிட் பண்ணுத அத்தை மகன் எடுத்தது ரைசன் 7 7700எக்ஸ், பேருக்கு 105 வாட், முழு லோடுல 142 வரை இழுக்கும், பெட்டில கூலரும் வராது. ரெண்டு பேருக்கும் சேத்துதான் பாத்தோம்.

5600 பெட்டியோட வர்ற கூலர் பிரவுசிங், ஆபீஸ் வேலைக்கு போதும், கேம் போட்டா சத்தம் தாங்காது. நான் டீப்கூல் ஏகே400 எடுத்தேன். ஒத்தை டவர், அதாவது தகட்டு அடுக்கு ஒண்ணு, சூட்ட தகட்டுக்கு கடத்துத ஹீட் பைப் நாலு, 120 எம்எம் ஃபேன் ஒண்ணு. இந்த பிராசசருக்கு இதுக்கு மேல செலவு பண்றது வெட்டி. ஒரு குறை, அடில செம்பு பைப்பே நேரா பிராசசர்ல உக்காருது, நிக்கல் பூச்சு இல்ல. நம்ம ஊர்ல செம்பு கறுக்க எத்தனை நாள் ஆகும்னு செம்பு பாத்திரம் விளக்குறவங்க கிட்ட கேளுங்க. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுத பேஸ்ட் மூடி இருக்கதால வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பாக்க எனக்கு பிடிக்கல, அவ்வளவுதான்.

பழைய கூலர கழட்டும்போது நான் பண்ணுன கூத்தையும் சொல்லிருதேன். பேஸ்ட் காஞ்சு ஒட்டி கெடந்தது, நேரா மேல தூக்குனேன், சாக்கெட்ல லாக் போட்டபடியே பிராசசரும் கூட வந்துட்டு. ஓரத்துல நாலு பின் வளைஞ்சு போச்சு, பிளேட வச்சு பைய நிமித்துறதுக்குள்ள கை வெறச்சுட்டு. என்னோடது மாதிரி பிராசசர்லயே பின் இருக்க ஏஎம்4 சாக்கெட் வச்சிருக்கவங்க பத்து நிமிசம் கேம் ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணி, கூலர இடமும் வலமும் திருக்கிட்டு அப்புறம் தூக்குங்க. மச்சானோட ஏஎம்5ல பின் எல்லாம் போர்டுலயே இருக்கதால இந்த வம்பு இல்ல.

அவனுக்கு தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இயா, நாக்டுவா என்எச்-டி15ஆன்னு ரெண்டு நாள் சாயாக்கடைல சண்டை. "ஒண்ணு வாங்குனாலும் நல்லதா வாங்கணும்ல" இது அவன் கட்சி. ரெண்டும் ரெட்டை டவர், ஆறு ஹீட் பைப், ரெண்டு ஃபேன், நிக்கல் பூச்சு. நாக்டுவா ஃபேன் சத்தம் நயமா இருக்கும், ஆறு வருச வாரண்டி, அதுல குத்தமே சொல்ல முடியாது. ஆனா ரேட் எங்கயோ போய் நிக்குது, ஃபேனும் தனி அளவு, 120 எம்எம் ஃபேனோட ஸ்க்ரூ ஓட்டை அளவுல 140 எம்எம் ஃபேன், ஒண்ணு போச்சுன்னா நாகர்கோவில்ல போய் பொறுக்கிட்டு வர முடியாது. தெர்மல்ரைட்ல சாதா 120 எம்எம் ஃபேன்தான், கம்பி கிளிப்ப விட்டா கழண்டு வந்துரும். உப்பு காத்துல நான் முதல்ல பாக்குறது இதத்தான், ஏன்னா இங்க தூசி தூசியா இருக்காது, ஈரமும் உப்பும் சேந்து தகட்டுக்கு நடுவுல களி மாதிரி ஒட்டிக்கும், புளோயர் அடிச்சா அசையாது, ஃபேன கழட்டிட்டு பிரஷ்தான் போடணும். புளோயர் அடிக்கும்போது ஃபேன விரலால பிடிச்சுக்கோங்க மக்கா, சும்மா சுத்த விட்டா பேரிங் போகும்.

7700எக்ஸ் முழு லோடுல 95 டிகிரிய தொடுறது டிசைனே அப்படித்தான், எந்த கூலர் போட்டாலும் பதறாதீங்க.

கடைசில தீர்த்து வச்சது ஸ்கேல்தான். கடைக்காரர் எல்லாம் ஏறும்னாரு. மச்சான் மக பள்ளிக்கூட ஸ்கேல எடுத்து அளந்தா பிராசசர்ல இருந்து சைடு கண்ணாடி வரை 160 எம்எம். நாக்டுவா உயரம் 165, தெர்மல்ரைட் 155. போதாததுக்கு நாக்டுவால ரெண்டு ஃபேனும் போட்டா முன்னாடி ஃபேனுக்கு அடில ரேமுக்கு 32 எம்எம்தான் கிடைக்கும், இவன் வாங்கி வச்சிருக்கது லைட் எரியுத உயரமான ரேம்.

தெர்மல்ரைட் மாட்டியாச்சு. இடவப்பாதி மழை தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரெண்டையும் கழட்டி துடைக்கணும், அதுக்கு புது பிரஷ் வாங்கணும், வீட்ல இருக்கது சுண்ணாம்பு காஞ்சு கல்லா கெடக்கு.