புல்லட்டில் 'ஆயுசுக்கும் மாற்ற வேண்டாத' ஆயில் ஃபில்டரா? காரைக்குடி பக்கத்தவர்கள் ஏமாறாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்கள் கவனிக்க. இங்கே ஒரு பட்டறையில் ஒருவரின் வண்டிக்கு 'ஆயில் ஃபில்டர் அப்கிரேடு' என்று 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஸ்டீல் வலை எலிமென்ட் (ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டும் பாகம்) ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணே, ஆயுசுக்கும் மாத்த வேணாம், பெட்ரோல்ல கழுவிப் போட்டுக்கலாம்" என்பதுதான் விற்பனைப் பேச்சு. 400 கிலோமீட்டருக்குள் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங்) தட்ட ஆரம்பித்துவிட்டது.

டைமிங் பக்க (எஞ்சினின் வலதுபக்க) ஃபில்டர் மூடியைக் கழற்றியதுமே காரணம் தெரிந்தது. எலிமென்ட்டின் முனையில் உட்கார வேண்டிய ஃபெல்ட் வாஷர் இல்லை. வலையும் குட்டை, ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடிக்கவே இல்லை. எண்ணெய் சும்மா இருக்கிற இடைவெளி வழியே போகுமே தவிர, வலைக்குள் புகுந்து போகாது. இருநூறு ரூபாய் எலிமென்ட்டாக இருந்தாலும் முனை சரியாக அடைத்திருந்தால் வேலை செய்யும். அடைக்காவிட்டால் எவ்வளவு விலையானதும் வீண்.

அதைவிடப் பெரிய தவறு, காலி அறையோடு ஸ்டார்ட் செய்தது. புல்லட்டில் ஃபீட் பம்ப் (எண்ணெயை எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப்) முதலில் இந்த ஃபில்டர் அறையை நிரப்பிய பிறகே கிராங்குக்கு எண்ணெய் போகும். அறை நிரம்பும் வரை பிக் எண்ட் உலர்ந்தே சுற்றும். வண்டிக்காரர் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, ராக்கரில் (மேலே வால்வை அழுத்தும் பாகம்) எண்ணெய் கசிவதைக் காட்டிச் சமாளித்திருக்கிறார்கள். ராக்கருக்கு எண்ணெய் தருவது ரிட்டர்ன் பம்ப், அதாவது எஞ்சினிலிருந்து எண்ணெயைத் திருப்பி அனுப்பும் இன்னொரு பம்ப். பிக் எண்டுக்குப் போகிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இதை நம்பித்தான் பலர் வண்டியை எடுத்துப் போகிறார்கள், மனசு வலிக்கிறது.

சரியான முறை இது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இக்னிஷனை அணைத்துவிட்டு, ஃபில்டர் அறையில் எண்ணெயை ஊற்றி நிரப்புங்கள். எலிமென்ட், ஃபெல்ட் வாஷர், ஸ்பிரிங், மூடி ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக மாட்டுங்கள். மூடி நட்டை லேசாகத் தளர்த்தி வைத்து கிக்கரை மெதுவாக முப்பது, நாற்பது தடவை மிதியுங்கள். அங்கே எண்ணெய் ஊறி வரவேண்டும். வந்த பிறகுதான் இறுக்கி, பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். எண்ணெய் 20W-50 போதும்.

மேம்பாடு வேண்டும் என்றால் காந்த டிரெயின் பிளக் போடுங்கள். மலிவு, எஞ்சினுக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் இரும்புத்தூளை மட்டுமே பிடிக்கும், அலுமினியத்தை விட்டுவிடும். நல்ல எலிமென்ட்டை 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது எந்த கிட்டையும் விட மேல். நம் ஊர் செம்மண் சாலைகளில் ஓட்டுபவர்கள் ஏர் ஃபில்டரையும் அடிக்கடி பாருங்கள், புழுதி எண்ணெய்க்குள் வருவது அந்த வழியாகத்தான்.

கார் ஃபில்டரை ஹோஸில் தொங்கவிடும் கிட் பற்றியும் கேட்கிறார்கள். தனி எண்ணெய் டேங்க் உள்ள பி.எஸ்.ஏ., நார்ட்டன் போன்ற வண்டிகளில் ரிட்டர்ன் லைனில் (எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயில்) மட்டுமே மாட்டலாம். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் லைனில் மாட்டினால், காலைக் குளிரில் கெட்டியான எண்ணெயைப் பம்பால் உறிஞ்ச முடியாது. பெட்ரோல் ஹோஸ் வேண்டவே வேண்டாம், சூடான எண்ணெயில் ஊறி வெடிக்கும்.

பட்டறையில் விடும் முன் பழைய எலிமென்ட், வாஷர், ஸ்பிரிங் மூன்றையும் போட்டோ எடுத்து, கழற்றிய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குங்கள். மேற்சொன்ன வண்டியில் பழைய வாஷர் கடைசி வரை திரும்பி வரவில்லை.