முன்பக்க ஸ்நோர்க்கெல்: போட்டியில்லாத மாதங்களுக்கு ஏற்ற கருவி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டியின் வீரர்கள், போட்டிகள் இல்லாத மாதங்களில் நீச்சல் நுட்பத்தைச் சீர்செய்ய விரும்பினால், முகத்தின் நடுவே பொருந்தும் இந்த ஸ்நோர்க்கெல் (முகம் நீருக்குள் இருக்கும்போதே வாயால் மூச்சுவிட உதவும் குழாய்) பெரிதும் உதவுகிறது. மூச்சுக்காகத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை என்பதால், நீருக்குள் நுழையும் கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டுகிறதா, நீரைப் பிடித்துப் பின்னே தள்ளத் தொடங்கும்போது முழங்கை தாழ்ந்துவிடுகிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துத் திருத்திக்கொள்ள முடிகிறது. ‘ஒலிம்பிக் தூரம்’ எனப்படும் டிரையத்லான் வகையில் 1,500 மீட்டர் நீந்திய பின்னும் சைக்கிளும் ஓட்டமும் காத்திருப்பவர்களுக்கு, நுட்பம் சீராவதால் மிச்சமாகும் சக்தி சிறிய விஷயமன்று. நெற்றியில் பதியும் பகுதி அகலமாக இருப்பதால், வேகமெடுத்தாலும் குழாய் ஆடவில்லை. தொடக்கத்தில் மூக்கில் நீர் ஏறத்தான் செய்யும். மூக்குக் கிளிப்பைச் சேர்த்துத் தராதது குறைதான். மூச்சுக்குத் தலை திருப்பும் பழக்கத்தை இது வளர்க்காது, போட்டியிலும் இதற்கு அனுமதியில்லை. ஆகவே பயிற்சியில் பாதித் தூரத்தையாவது இது இல்லாமல் நீந்துவது நல்லது.