குப்பிக்குள் இருப்பது எது? உடல் எடை குறைக்கும் பெப்டைட் ஊசிகள் – ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் மார்த்தாண்டத்தில் உள்ள என் மருந்துக்கடைக்குச் சித்தி மகன் வந்தான். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். அடியில் ஒட்டிக்கிடந்தது கொஞ்சம் வெள்ளைப் பொடி. லேபிளில் 'ரெட்டாட்ரூடைடு 5 மி.கி.' என்றும், அதன் கீழே பொடி எழுத்தில் 'ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்றும் இருந்தது. தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை.

"அண்ணா, மற்ற ஊசிகளைவிட இது வேகமாம். போட்டுக்கொள்ளலாமா?"

அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெப்டைட் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. எடை குறைக்கும் இந்தப் பெப்டைட் ஊசிகள் கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்வது பிழை. சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளைக்குப் 'போதும்' என்று சொல்கிறது. இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. ஆனால் இரண்டே நிமிடத்தில் அதில் பாதி அழிந்துவிடும். செமாகுளுடைடு என்ற ஊசி மருந்து அந்த ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டது. அதில் கோத்த கொழுப்பு அமில வால் இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்வதால், பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. வாரம் ஓர் ஊசி போதுமாவது இதனால்தான். மரச்சீனியும் மீன் குழம்பும் தட்டில் பாதி மீந்துபோகும். எடை குறைவது அந்த மீதியால்.

ஹார்மோன் வந்து பொருந்தும் செல்லின் பூட்டு போன்ற இடத்தை ஏற்பி என்பார்கள். டிர்செபடைடு என்ற அடுத்த மருந்து ஜிஎல்பி-1 ஏற்பியோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பியையும் தூண்டுகிறது. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு 2025இல் வெளியானது. 72 வாரங்களில் டிர்செபடைடு போட்டவர்களுக்குச் சராசரியாக 20.2 சதவீதமும் செமாகுளுடைடு போட்டவர்களுக்கு 13.7 சதவீதமும் எடை குறைந்தது. எடை மட்டுமே கணக்கு என்றால் டிர்செபடைடுதான் மேல். ஆனால் இதய நோய் உள்ளவர் வந்து கேட்டால் செமாகுளுடைடைப் பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்வேன். அப்படிப்பட்ட 17,604 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை மொத்தத்தில் 20 சதவீதம் குறைந்தன.

குமட்டலும் வாந்தியும் இரண்டிலும் உண்டு. பித்தப்பைக் கல், கணைய அழற்சி அபாயமும் உண்டு. கொழுப்போடு தசையும் குறைகிறது. செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து, தம்பி கொண்டுவந்த ரெட்டாட்ரூடைடு. மேற்சொன்ன இரண்டு ஏற்பிகளோடு குளுக்ககான் என்ற மூன்றாவது ஹார்மோனின் ஏற்பியையும் தூண்டுவதால், பசியைக் குறைப்பதோடு உடல் எரிக்கும் ஆற்றலையும் கூட்டுவதாகக் கருதப்படுகிறது. 2023இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் 48 வாரங்களில் 24.2 சதவீதம் வரை எடை குறைந்தது. வியக்கத்தக்க எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 338 பேர். இதயத்துடிப்பும் கூடியது, 24ஆம் வாரம் வரை ஏறிப் பின்னர் இறங்கியது. அவர்களை மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள். இவனை யார் கண்காணிப்பார்?

எடை குறைப்புப் பேச்சில் அடிபடும் இன்னும் இரண்டு பெப்டைடுகள் ஏஓடி-9604, அடிப்போடைடு. ஏஓடி-9604ஐ நீட்டி அலச வேண்டியதில்லை. வளர்ச்சி ஹார்மோனின் ஒரு துண்டு அது. பருத்த எலிகளிடம் பலித்தது. மனிதரிடம் நடந்த 24 வார ஆய்வில் பலிக்காததால் 2007இல் கைவிடப்பட்டது. அடிப்போடைடு அதைவிட மோசம். கொழுப்புத் திசுவுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களையே அழிக்கிறது. குரங்குகளின் எடை நான்கு வாரத்தில் 11 சதவீதம் குறைந்தது, கூடவே சிறுநீரகமும் பாதிக்கப்பட்டது. அதைத் தொடவே கூடாது.

இவ்வளவும் மூலக்கூறுகளின் ஒப்பீடு. என் உண்மையான பயம் குப்பியைப் பற்றியது. அந்தப் பொடியில் 2 மி.லி. நீர் கலந்தால், இன்சுலின் சிரிஞ்சின் 10 யூனிட் கோட்டில் 0.25 மி.கி. இருக்கும், 1 மி.லி. கலந்தால் அதே கோட்டில் 0.5 மி.கி. கை சற்றுத் தவறினால் மருந்து இரட்டிப்பு. அதுவும் லேபிள் உண்மை சொன்னால்தான். உள்ளே 5 மி.கி. இருக்கிறதா, அது ரெட்டாட்ரூடைடுதானா, கிருமி நீக்கியதா, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று அந்தக் கண்ணாடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆய்வில் வந்த 24.2 சதவீதம் ஆய்வில் தந்த மருந்துக்கு உரியது, இந்தக் குப்பிக்கு உரியதல்ல.

"சரி அண்ணா, டாக்டரிடமே போகிறேன்" என்றான். ஒன்று நினைவுக்கு வந்தது. சித்திக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால், செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற அனுமதி பெற்ற ஊசிகளும் கூடாது. எலிகளிடம் அந்தச் சுரப்பியில் கட்டிகள் வந்ததால் வைத்த எச்சரிக்கை அது. எந்த வகை என்று அவனுக்குத் தெரியவில்லை. சித்தியைப் போனில் அழைத்தேன். அறிக்கை அலமாரியில்தான் இருக்கும், தேடி எடுத்துவைக்கிறேன் மக்களே என்றார். குப்பியை மேசையிலேயே விட்டுவிட்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினான்.