மேடைக்கு அடியில் பொருத்திய டிஷ்வாஷர்: புதுச்சேரி வீட்டு அனுபவம்

முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில், சமையல் மேடைக்கு அடியில் அலமாரிக் கதவின் பின்னே பொருத்தப்பட்ட 60 செ.மீ. அகல டிஷ்வாஷரை அன்றாடம் பயன்படுத்தி வருகிறோம். மீன்குழம்பு வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் எவர்சில்வர் பாத்திரங்களிலிருந்து முழுமையாக நீங்குகின்றன. 70 டிகிரி வெந்நீர்க் கழுவலுக்குக் கைத்தேய்ப்பு ஈடாகாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆயினும் இவ்வூரில் இதை வாங்குவோர் முதலில் எண்ண வேண்டியது தண்ணீரைத்தான். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கண்ணாடித் தம்ளர்களில் வெண்படலமாகப் படியும். இயந்திரத்தினுள் இருக்கும் ரெசின் என்னும் சிறு பிசின் மணிகள் அவ்விரண்டையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவிப்பதால் நீர் மென்மையாகிறது, அந்த ரெசினைப் புதுப்பிப்பதற்கே டிஷ்வாஷர் உப்பு தேவைப்படுகிறது. சமையல் தூள் உப்பை அதில் கொட்டக் கூடாது. நீரின் கடினத்தன்மையைச் சோதித்து, அதற்கேற்ற அளவை இயந்திரத்தில் அமைப்பது கட்டாயம். கடலோர நிலத்தடி நீரின் உவர்ப்பை இந்த ரெசின் நீக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அலுமினிய இட்லித் தட்டு கறுத்துவிடும். பழக்கிய இரும்புத் தோசைக்கல், ஈயச் சொம்பு, மரக்கரண்டி ஆகியவற்றை உள்ளே வைக்கவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பிளாஸ்டிக் டப்பாக்கள் காய்வதில்லை. அதற்காகக் கழுவி முடிந்தவுடனே கதவைத் திறந்தால், வெளியேறும் ஆவி மேடையின் அடிப்பலகையை உப்பச் செய்யும். ஆகவே சூடு தணிந்த பிறகே திறக்கிறோம். பொருத்தும்போதே அவ்விடத்தில் ஆவித் தடுப்புத் தகடு ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.