கால்கட்டுக்கு முன் ஒரு சுற்று: ரயில்வேயின் சுற்றுப்பயணச் சீட்டு

எங்கள் வீட்டில் எந்தப் பெண் வெளியூர் பார்க்க ஆசைப்பட்டாலும் பெரியவர்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: கல்யாணம் ஆகட்டும், உன் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போவார். ஆண் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது சற்று வேறு. முதலில் செட்டில் ஆகிவிடு, ஊர் எங்கும் ஓடிப்போய்விடாது என்பார்கள். பெரம்பூரில் பிறந்து வளர்ந்த நான் 2011-ஆம் ஆண்டில், என் 26-ஆவது வயதில், அந்த நாளுக்காகக் காத்திராமல் ஒரு தோழியுடன் புறப்பட்டு, 22 நாட்களில் வடக்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். அதைச் சாத்தியமாக்கியது இந்திய ரயில்வே வழங்கும் சுற்றுப்பயணச் சீட்டு. சர்க்குலர் ஜர்னி டிக்கெட் என்பது அதன் வழக்குப் பெயர். கைபேசியிலேயே டிக்கெட் எடுத்துப் பழகியவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. சிறுசேரியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகளுக்கு இப்போது 24 வயது. வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், "அத்தை, முதலில் ஊரைப் பார்ப்பதா, செட்டில் ஆவதா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலும் இந்தச் சீட்டைப் பற்றிய என் மதிப்பீடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சீட்டின் அடிப்படை எளிது. பயணம் தொடங்கும் நிலையமும் முடியும் நிலையமும் ஒன்றாக இருக்க வேண்டும்; இடையில் அதிகபட்சமாக எட்டு ஊர்களில் இறங்கித் தங்கலாம். சாதாரண ஒருவழிச் சீட்டிலும் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமென்றால் வழியில் இறங்கிக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் அது 1,000 கிலோமீட்டர் வரை ஒரு முறை, அதற்கு மேல் இரண்டு முறை, அதுவும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாட்கள் என்ற வரம்புக்குள்தான். சுற்றுப்பயணச் சீட்டின் உண்மையான ஆதாயம் கட்டணத்தில் இருக்கிறது. ரயில் கட்டணம் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற வீதம் குறைந்துகொண்டே போகும்படி அமைக்கப்பட்டது. ஊருக்கு ஊர் தனித்தனியாக டிக்கெட் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் அந்த உயர்ந்த வீதத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். சுற்றுப்பயணச் சீட்டிலோ மொத்தத் தூரத்தையும் இரண்டாகப் பகுத்து, இரண்டு நீண்ட ஒருவழிப் பயணங்களாகவே கணக்கிடுகிறார்கள். சென்னையிலிருந்து ஹவுரா, அங்கிருந்து வாராணசி, டில்லி, மும்பை, மீண்டும் சென்னை என்று நாங்கள் சென்ற வழி ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர்; அது 2,900 கிலோமீட்டர் பயணங்கள் இரண்டாகக் கணக்கிடப்பட்டது. தங்குமிடம், சாப்பாடு உட்பட அந்த 22 நாட்களுக்கும் எனக்கு ஆன செலவு அன்றைய என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டவில்லை.

வாங்கும் முறைக்குத்தான் பொறுமை வேண்டும். எந்தெந்த ஊர், எந்த வழி, எங்கெங்கே இறங்குகிறோம் என்பதை எழுதி, கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் தூரத்தையும் கட்டணத்தையும் கணக்கிட்டுக் கொடுக்கும் படிவத்தைக் காட்டிப் பணம் கட்டினால் சீட்டு கிடைக்கும். அதன்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் படுக்கை வசதியைத் தனியாக முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் கட்டடத்தில்தான் நாங்கள் அதைச் செய்தோம். இந்த வேலைக்காக இரண்டு சனிக்கிழமைகள் போயின. ஆனால் வழியை நம் கையாலேயே எழுதிப் பார்க்கும்போது பயணம் அங்கேயே பாதி தெளிந்துவிடுகிறது. எட்டு நிறுத்தங்கள் கிடைக்கின்றனவே என்று நான் எட்டையும் எழுதி வைத்திருந்தேன். தோழி பென்சிலை எடுத்து மூன்றை அடித்தாள். ஏறி இறங்குவதே வேலையாகிவிடும், எந்த ஊரிலும் இரண்டாவது காலைப் பொழுதைப் பார்க்க மாட்டோம் என்றாள். அவள் அடித்த அந்த மூன்று கோடுகள்தான் எங்கள் பயணத்தைக் காப்பாற்றின.

ரயிலில் நான் கண்டவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் மாலை வெயில் சாயும் நேரத்தில் ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலத்தின்மீது வண்டி ஏறியது. எதிர் இருக்கையில் இருந்த தெலுங்கு அம்மாள் சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்து, ஒற்றை ரூபாய் நாணயங்கள் மூன்றை எடுத்து, எங்கள் இருவர் உள்ளங்கையிலும் ஒவ்வொன்றை வைத்து மடக்கிவிட்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூவரும் ஜன்னல் கம்பிக்கிடையே கையை நீட்டி ஆற்றில் போட்டோம். பாலத்தின் இரும்புச் சட்டங்களின் நிழல் அவர் முகத்தில் விழுந்து விழுந்து விலகிக்கொண்டே இருந்தது. அக்கரை வந்து சேரும் வரை அவர் கைகூப்பியே இருந்தார். விமானத்தில் போயிருந்தால் கோதாவரி என் வாழ்க்கையில் வந்திருக்காது. குளிரூட்டிய பெட்டியில் போயிருந்தாலும் அந்த நாணயத்தைப் போட ஜன்னல் திறந்திருக்காது.

நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. போன இடமெல்லாம் செட்டில் ஆன தமிழர்களையே பார்த்தோம். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பகுதியில் வாழைக்காயும் காபிப் பொடியும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தமிழில் பேசினார்கள். காசியில் கங்கைப் படித்துறைகளில் ஒன்றான அனுமன் கட்டத்துச் சந்துகளில் வாசலில் கோலம் இருந்தது. மும்பை மாட்டுங்காவில் பூக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், பத்தொன்பது வயதில் வேலை தேடி ரயிலேறியதாகவும் அதன்பின் ஊர் திரும்பியது கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் என்றும் சொல்லிக்கொண்டே, எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு முழம் மல்லிகை நறுக்கிக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை பயணம் போன ஊரே செட்டில் ஆன ஊர். பாரதியாரை நினைத்துக்கொண்டேன். 1897-இல் அவருக்குத் திருமணம் ஆகிவிட்டது. மறு ஆண்டு தந்தை இறந்த பிறகு காசிக்குச் சென்று, இதே அனுமன் கட்டத்தில் தம் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். கல்யாணம் முதலில், பயணம் பிறகு என்றுதான் அவர் வாழ்க்கை அமைந்தது. ஆனாலும் அவரைக் காசி மாற்றியது பதினாறு, பதினேழு வயதில். எது முன், எது பின் என்பதைவிட எந்த வயதில் என்பதே என் மனத்தில் நின்றது.

தள்ளிப்போட்டவர்களின் பயணத்தையும் நான் அருகிலிருந்து பார்த்தவள். அப்பா 2014-இல் ஓய்வு பெற்றார். அப்போது ரயிலில் மூத்த குடிமக்களுக்குச் சலுகை இருந்தது: அறுபது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடு, 58 நிறைந்த பெண்களுக்குப் பாதி. அம்மாவுக்கும் 58 ஆகட்டும், இருவருக்கும் சலுகை கிடைக்கும் என்று அப்பா 2018 வரை காசிப் பயணத்தை ஒத்திவைத்தார். சிக்கனமாகவே வாழ்ந்த மனிதர். அவர் கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் அம்மாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. கேதார கட்டத்தின் படிகள் செங்குத்தானவை. அம்மா பன்னிரண்டோ பதினைந்தோ படி இறங்கியதும் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். கீழே ஆறு தெரிகிறது, அப்பா முழுகி எழுவது தெரிகிறது, இறங்க முடியவில்லை. அப்பா சொம்பில் கொண்டுவந்த நீரை அம்மா தன் தலையில் தெளித்துக்கொண்டார். சென்னை திரும்பிய பிறகு, "நல்லாத்தான் இருந்துச்சு, எட்டத்துல இருந்து பார்த்தேன்" என்று அம்மா சொன்னதை இன்றும் என்னால் தாங்க முடிவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட அந்தச் சலுகை இன்னும் திரும்பவில்லை. சலுகைக்காகக் காத்திருக்கலாம் என்ற வாதமும் அத்தோடு போயிற்று.

செட்டில் ஆன பிறகு இதே சீட்டைப் பயன்படுத்த முடியாதா என்றால், முடியும். 2024 மே மாதத்தில் கணவரோடும் பத்து வயது மகனோடும் சிறிய சுற்று ஒன்று போட்டோம். பள்ளி விடுமுறைக்குள் முடிய வேண்டும், இருவருக்கும் ஒரே சமயத்தில் விடுப்பு கிடைக்க வேண்டும், மூன்று படுக்கைகளும் ஒரே பெட்டியில் உறுதியாக வேண்டும் என்று நிபந்தனைகளை அடுக்கியதில் எட்டு நிறுத்தங்களுக்கு இடம் தரும் சீட்டில் மூன்றுதான் தேறின. மகனுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். நல்ல பயணம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2011-இல் ஒரு கட்டத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்து படுக்கை கிடைக்காமல் போனபோது, நிலையத்து ஓய்வறையில் இன்னொரு இரவு தங்கி மறுநாள் புறப்பட்டோம்; அந்த ஒரு நாளில்தான் காசியின் பின்தெருக்களைப் பார்த்தோம். குழந்தையோடு போகும்போது அதே ஒரு நாள் கவலையாக மாறிவிடுகிறது. இந்தச் சீட்டு பணத்தைக் குறைவாகவே கேட்கிறது. அது அதிகமாகக் கேட்பது நாட்களையும், மேல் படுக்கைக்கு ஏறும் உடம்பையும், திட்டம் மாறினால் கலங்காத மனத்தையும்தான். கால்கட்டு விழுந்த பிறகு, இ.எம்.ஐ. தேதியும் பள்ளிக் கட்டணத் தேதியும் நாட்காட்டியைப் பிடித்துக்கொண்ட பிறகு, இவை மூன்றும் ஒன்றாக வாய்ப்பது அரிது.

என்னோடு வந்த தோழிக்கு மறு ஆண்டு மயிலாப்பூரில் திருமணம். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை குடையும் தடியும் விசிறியும் எடுத்துக்கொண்டு காசி யாத்திரைக்குக் கிளம்ப, பெண்ணின் அப்பா வழிமறித்து, என் மகளை ஏற்றுக்கொண்டு இல்லறம் நடத்த வாருங்கள் என்று அழைத்துவந்தார். யாத்திரையா, இல்லறமா என்ற கேள்வியை நம்மவர்கள் கல்யாணச் சடங்காகவே வைத்திருக்கிறார்களே என்று அன்றுதான் உறைத்தது. மண்டபத்துக்குள் மாலையோடு காத்திருந்த அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த மண்டபத்தில் உண்மையாகவே காசிக்குப் போய் வந்து இல்லறத்துக்கு நின்றவள் அவள்.

முதலில் செட்டில் ஆகு என்று சொல்பவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணமும் வீட்டு வாடகையும் ஒருவருடைய முதல் சம்பளத்தையே நம்பியிருக்கும் வீடுகள் இந்த ஊரில் ஏராளம்; வேலையை விட்டுவிட்டு உலகம் சுற்று என்று அவர்களிடம் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. இந்தச் சீட்டை நான் விரும்புவதற்கு அதுவே காரணம். வேலையை விடச் சொல்லாமல், மூன்று வார விடுப்பை மட்டும் கேட்டு, கிளம்பிய நிலையத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறது.

குறைகளும் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் இதை வாங்க முடியாது; நேரில்தான் போக வேண்டும். முன்பதிவுக் கட்டணமும் அதிவிரைவு வண்டிகளுக்கான கூடுதல் கட்டணமும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வசூலிக்கப்படுவதால், நிறுத்தங்கள் கூடக்கூடச் சேமிப்பு கரையும். சீட்டு இருப்பதாலேயே படுக்கை கிடைத்துவிடாது. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துவிட்டதால், படிவ வேலையை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொண்டு, 60-ஆவது நாள் காலையில் முன்பதிவுக்குத் தயாராக இருக்க வேண்டும். இரண்டே ஊர்களுக்குப் போய் வருபவர்களுக்கு இது தேவையில்லை. சாதாரண டிக்கெட்டே போதும். ஐந்து ஊர்களாவது பார்க்க வேண்டும், கையில் பதினைந்து நாட்களாவது இருக்க வேண்டும். இரண்டும் உள்ள, முப்பதுக்கு உட்பட்ட எவருக்கும் இதைவிடச் சிறந்த பயணச் சீட்டு இந்தியாவில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அண்ணிக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. வரன் பார்ப்பதை நிறுத்த வேண்டாம், பேச்சு முடிய எப்படியும் ஆறு மாதம் ஆகும், அதற்குள் போய் வந்துவிடுவாள் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன் மகள் நேற்று இரவு வழியை எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். அமிர்தசரஸ் சேர்த்து எட்டு நிறுத்தங்களையும் எழுதியிருந்தாள். நான் பென்சில் கேட்டேன். அமிர்தசரஸை மட்டும் அடிக்கக் கூடாது என்றாள்.