நீளமான பாதைகளும் 7-ஜிப்பும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

முடிந்துபோன புராஜெக்ட்டுகளைக் காப்பகமாக்கும் வேலை என் தலையில்தான் விழும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் 'இறுதி', அதற்கும் உள்ளே 'இறுதி திருத்தியது' என்று போய்க்கொண்டே இருக்கும் ரகம். ஒரு கோப்பின் பாதைக்கு, அதாவது டிரைவில் தொடங்கிக் கோப்பின் பெயர் வரை நீளும் முழு முகவரிக்கு, விண்டோஸின் பழைய வரம்பு 260 எழுத்துகள். டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, சாய்கோடு, கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி எல்லாம் அதில் அடக்கம் என்பதால் நமக்கு மிஞ்சுவது 256. நெட்வொர்க் டிரைவில் ஒற்றை டிரைவ் எழுத்துக்குக் கீழே ஒழுங்காகத் திறந்த கோப்பு, பேக்கப் ஃபோல்டருக்குள் நாலு அடுக்கு கீழே போனதும் திறக்க மறுப்பது இதனால்தான்.

இத்தனைக்கும் விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் சுமார் 32,767 எழுத்து வரை பாதையைத் தாங்கும். தடுமாறுவது மேலே ஓடும் மென்பொருட்கள். 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) இந்த வரம்பைத் தளர்த்தலாம், ஆனால் அந்தந்த மென்பொருளும் அதற்கேற்ப எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

நான் விடாமல் பயன்படுத்துவது, கோப்புகளைச் சுருக்கி ஒரே காப்பகமாகக் கட்டும் மென்பொருளான 7-ஜிப். அதன் கோப்பு மேலாளரிலேயே ஆழமான ஃபோல்டர்களுக்குள் போகலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம். பெயர்களைச் சுருக்காமல் அப்படியே கட்டிவிடும், எனக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் ஒரு கோப்பு இன்னொன்றைப் பாதை வைத்துத் தேடும் இடங்களில் பெயரில் கை வைத்தால் எல்லாம் கலைந்துவிடும். பிரிக்கும்போதுதான் கவனம் தேவை: எக்ஸ்ப்ளோரருக்கு இழுத்துப் போடாமல் 'எக்ஸ்ட்ராக்ட்' பொத்தானை அழுத்தி, டிரைவின் வேரிலேயே ஒற்றை எழுத்து ஃபோல்டர் ஒன்றில் பிரியுங்கள். அழிய மறுக்கும் பழைய ஃபோல்டர் மிச்சமிருந்தால், ஒரு காலி ஃபோல்டரை மூலமாக வைத்து விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியின் 'மிர்' விருப்பத்தை (இலக்கை மூலத்தைப் போலவே ஆக்குவது) அதன் மேல் ஓட்டினால் துடைத்துவிடும் (இலக்கை இருமுறை பார்த்துவிட்டு என்டர் தட்டவும், அது எதையும் கேட்காது).

லினக்ஸில் கதை வேறு. அங்கே பாதைக்கு 4,096 பைட் இருப்பதால் தாராளம்தான், இடிப்பது தனிப் பெயருக்கான 255 பைட். பைட், எழுத்து அல்ல! யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'கோ' என்ற ஓர் எழுத்தே 'க', ஓகாரக் குறி என இரண்டு குறியீடு என்பதால் அதற்கே 6 போய்விடும். ஆக விண்டோஸில் சுகமாக இருந்த நீளமான தமிழ்த் தலைப்பு, லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை உள்ள டிஸ்க்கில் பிரியும்போது பிழை காட்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டுவதற்கு முன்பே பெயரைச் சுருக்கிவிடுகிறேன்.

7-ஜிப்பின் சொந்தக் காப்பக வடிவமான 7இசட் லினக்ஸ் கோப்பின் உரிமையாளர் விவரத்தைச் சேமிக்காது, அதனால் அங்கே லினக்ஸின் வழக்கமான காப்பக வடிவமான டார்தான். அதிலும் பழைய யூஸ்டார் வடிவம் பெயருக்கு 100, அதற்கு முன்னால் வரும் பாதைப் பகுதிக்கு 155 பைட்டோடு நின்றுவிடும். பேக்ஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.