உட்காரவைத்து அளவெடுத்த டெய்லர்

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், பாராட்டு அப்புறம். வியாழக்கிழமை தருகிறேன் என்று சொன்ன பேண்ட் சட்டை என் கைக்கு வந்தது ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு. திங்கள் காலை பத்து மணிக்கு இண்டர்வியூ. காஜா, அதாவது பட்டன் துளை, போடும் பையன் ஊருக்குப் போய்விட்டானாம். மாஸ்டரே கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கையால் காஜா போட, நான் வாசலில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். அவசரம் என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள், பத்து நாளாவது கையில் வேண்டும்.

கடை மேற்கு மாம்பலத்தில், துரைசாமி சுரங்கப்பாதையிலிருந்து நடக்கிற தூரம்தான். இரண்டு மெஷின், ட்ரையல் ரூம் என்ற பெயரில் ஒரு திரைச்சீலை. தி.நகரில் ஒரு பெரிய ரெடிமேட் கடையில் 1,800 ரூபாய் கொடுத்து ஏமாந்த பிறகுதான் இங்கே போனேன். அந்த பேண்ட் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு அறுக்கிறது, பாட்டம் ஏறிப்போய் சாக்ஸுக்கு மேலே கால் முடி தெரிகிறது. சரி, பிரித்துத் தைக்கலாம் என்று பார்த்தால் உள்ளே அரை அங்குலம்கூடத் துணி விடவில்லை.

மாஸ்டர் நின்றவாக்கில் அளவெடுத்துவிட்டு ஒரு ஸ்டூலைத் தள்ளினார். "உட்காருங்க தம்பி. இண்டர்வியூல உட்காரத்தானே போறீங்க?" உட்கார்ந்தபடி மறுபடி இடுப்பு, தொடை, முழங்கால். பின் தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டார், பாட்டத்தில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்தார். எதற்கு இவ்வளவு என்றேன். "வேலை கிடைச்சா ஏசில உட்கார்ந்தே தொப்பை போடும், அப்ப பிரிச்சுவிட்டுக்கலாம்."

துணி நாம்தான் வாங்கித் தர வேண்டும். 58 அங்குல அகலத்தில் என் உயரத்துக்கு பேண்ட்டுக்கு 1.20 மீட்டர், முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் போதுமானதாக இருந்தது. நான் ஆசையாகக் காட்டிய காட்டன் பேண்ட் துணியை அவர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவதற்குள் மடி முழுக்கச் சுருக்கம் விழுமாம், பாலியெஸ்டர் கலந்ததை வாங்கி வரச் சொன்னார். சட்டைக்கு எடுத்திருந்த வெளிர் நீலமும் வேண்டாம், சென்னை வேர்வையில் அக்குள் ஈரம் அப்படியே தெரியும், வெள்ளை எடுங்கள் என்றார். சட்டைத் துணி காட்டன் என்பதால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகுதான் வெட்டினார். தைத்த பிறகு சுருங்கினால் காலர்தான் முதலில் இறுக்குமாம். கூலி பேண்ட்டுக்கு 550, சட்டைக்கு 400.

ஐடிக்கு ஜீன்ஸே போதும் என்றான் என் நண்பன். வேலையில் சேர்ந்த பிறகு அது சரி, இண்டர்வியூவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. 2019ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழக அரசு போட்ட உடை ஆணையில் ஆண்கள் சட்டையோடு ஃபார்மல் பேண்ட்டுக்குப் பதில் வேட்டியும் கட்டலாம் என்று இருந்தது. கொடுத்துவைத்தவர்கள், வேட்டிக்கு அளவும் வேண்டாம், காஜாவும் வேண்டாம்.

குறை ஒன்று பாக்கி. சட்டைப் பாக்கெட் பெரியது, செல்போன் போட்டால் ஒரு பக்கம் தொங்குகிறது. மாஸ்டர் அந்தக் கால ஆள், சின்னதாக வைக்கச் சொன்னாலும் கேட்கமாட்டார்.

இண்டர்வியூவில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இடுப்பை ஒரு தடவைகூட இழுத்துவிடவில்லை. வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் பின் தையலைப் பிரித்துவிடச் சொல்லி அதே பேண்ட்டைக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.